ஒரே பொருளுடைய இரு சொற்கள் உண்டா?

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. வெவ்வேறான இரு சொற்கள் முற்றிலும் ஒரே பொருளைத் தர இயலுமா என்பது அவ்வினாவின் ஒரு கிளை. இதனை நூலோர் தமக்குள் வாதிடும் நுண்வினா என்று ஒதுக்கிவிட இயலாது. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்கும் கோடிக்கணக்கான மாணவர்கள், அறிந்தோ அறியாமலோ இதற்கு ஒரு விடையை ஏற்றுக்கொண்ட பின்னரே சொற்பட்டியலின் முதல் பக்கத்தைப் புரட்டுகின்றனர். ஒருபுறம் ஆங்கிலச் சொல்லும் மறுபுறம் அதற்கு நேரான சீனச் சொல்லும் அச்சிடப்பட்ட அந்தப் பட்டியல், இரண்டின் பொருளும் ஒன்றே, மாறுவன ஒலியும் எழுத்தும் மட்டுமே என்னும் கொள்கையைச் சொல்லாமற் சொல்கிறது. அக்கொள்கை எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் தளர்கிறது, தளரும் இடத்தில் கற்பவர் அடைவது புதிய ஒலியா புதிய அறிவா என்பனவற்றை ஆராய்வதற்கு அம்மாணவர்களின் சொந்த மரபாகிய சீன மெய்யியலே பெருந்துணை புரிகிறது என்பதும், அத்துணையை அவர்களுடைய ஆங்கிலப் பாடநூல்கள் பெரும்பாலும் நாடுவதில்லை என்பதும் கருதத்தக்கன.

பட்டியல் மறைக்கும் வேறுபாடு

பெய்ஜிங்கில் 1862ஆம் ஆண்டு சிங் அரசு நிறுவிய தோங்வென் குவான் என்னும் மொழிப் பள்ளியில் சிறு அளவில் கற்பிக்கப்பட்ட ஆங்கிலம், இன்று சீனப் பள்ளிகளின் முதன்மைப் பாடங்களுள் ஒன்றாகவும், 1987 முதல் நடைபெற்றுவரும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் வழியே பட்டதாரிகளின் தகுதியை அளக்கும் கருவியாகவும் விளங்குகிறது. அக்கல்வியின் சொற்பகுதியில் மாணவர் இருவகை இடர்களை எதிர்கொள்கின்றனர். முதலாவது ஒப்புப்பொருட் சொற்கள், அதாவது பொருளால் மிக நெருங்கியிருந்தும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எல்லா வேளையிலும் இட இயலாத சொற்கள். இரண்டாவது சொற்சேர்க்கை, அதாவது இலக்கண விதி எதுவும் கட்டாயப்படுத்தாதபோதும், ஒரு சொல் தன்னுடன் வரத்தக்க சொற்களை வழக்கினால் தேர்ந்துகொள்ளும் இயல்பு. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி இயல்களில் வைத்தாலும் இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஏனெனில் ஒப்புப்பொருட் சொற்கள் இரண்டனுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் அவற்றோடு உடன்வரும் சொற்களிலேயே வெளிப்படுகிறது.

சீனத்தில் 'ஹுவாய்யி' என்பது ஐயுறுதலைக் குறிக்கும் வினைச்சொல். அகராதிகள் இதற்கு நேராக ஆங்கிலத்தின் 'டவுட்' என்பதையும் 'சஸ்பெக்ட்' என்பதையும் அடுத்தடுத்துத் தருவதால், மாணவர் இவ்விரண்டையும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாகக் கொள்கின்றனர். ஆயினும் ஒருவன் திருடன் என்னும் கூற்றோடு 'டவுட்' சேரும்போது, அவன் திருடனாக இருக்கமாட்டான் என்னும் பக்கத்திற்கே பேசுபவரின் மனம் சாய்கிறது. அதே கூற்றோடு 'சஸ்பெக்ட்' சேரும்போது, அவன் திருடனாகத்தான் இருப்பான் என்னும் பக்கத்திற்குச் சாய்கிறது. பட்டியலில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு சொற்கள் இவ்வாறு நேரெதிரான தீர்ப்புகளைத் தாங்கி நிற்கின்றன. தமிழின் 'சந்தேகம்' என்னும் சொல்லும் ஹுவாய்யியைப் போன்றே இருபுறமும் செல்ல வல்லது: அவன்மேல் சந்தேகம் என்றால் அவன் செய்திருக்கக்கூடும் என்பதும், அவன் வருவது சந்தேகம் என்றால் அவன் வரமாட்டான் என்பதும் கேட்பவர்க்கு இடர்ப்பாடின்றி விளங்குகின்றன. சாய்வு எத்திசையது என்பதைச் சீனத்திலும் தமிழிலும் தொடர் காட்டுகிறது. ஆங்கிலமோ அதனை வினைச்சொல்லின் உள்ளேயே வைத்துவிட்டது.

இத்தகைய எடுத்துக்காட்டுகள் பல உள. 'வென்தி' என்னும் ஒரே சீனச் சொல், விடை வேண்டி நிற்கும் வினாவையும் தீர்வு வேண்டி நிற்கும் இடரையும் குறிக்க, ஆங்கிலம் முன்னதைக் 'கொஸ்சின்' என்றும் பின்னதைப் 'பிராப்ளம்' என்றும் பிரித்து, ஒன்றுக்கு விடையளித்தலையும் மற்றொன்றுக்குத் தீர்வு காணுதலையும் வெவ்வேறு வினைகளால் சொல்கிறது. 'ஜியே' என்பது கடன் கொடுத்தல், கடன் வாங்கல் ஆகிய இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தின் 'லெண்ட்', 'பாரோ' என்பன பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பிரித்துக்காட்டும். 'கான்' என்பது காணுதல், நோக்குதல், தொடர்ந்து பார்த்திருத்தல், நூலை வாசித்தல் ஆகிய அனைத்தையும் தழுவ, ஆங்கிலம் அவற்றிற்கு 'சீ', 'லுக்', 'வாட்ச்', 'ரீட்' எனத் தனித்தனிச் சொற்களைக் கேட்கிறது.

தாய்மொழியின் இந்தப் பிடி மனத்தின் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை, ஜியாங் என்னும் உளமொழியியல் ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்தியது. ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற சீன மொழியினரிடம் இணை இணையாக ஆங்கிலச் சொற்களைத் தந்து, அவை பொருளால் எவ்வளவு நெருங்கியவை என்று கேட்டபோது, ஒரே சீனச் சொல்லால் மொழிபெயர்க்கப்படும் இணைகளை, வெவ்வேறு சீனச் சொற்களால் மொழிபெயர்க்கப்படும் இணைகளைக் காட்டிலும் மிக நெருங்கியவையாக அவர்கள் மதிப்பிட்டனர். தம் தீர்ப்பை விரைவாகவும் வழங்கினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடம் இவ்விரு வகை இணைகளுக்கு இடையே அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. ஆங்கிலச் சொல்லைச் சரளமாக ஆளும் நிலையிலும் கற்பவர் அதன் வழியே பழைய சீனப் பொருளையே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும் என்பதே இதன் கருத்து. ஆகவே ஒரு சொல்லை அறிதல் என்றால் எதனை அறிதல் என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது.

வழக்கும் காரணமும்

சொற்சேர்க்கையைக் கற்பித்தற்குரிய பொருளாக முறைப்படி எடுத்துக்கொண்ட முன்னோடிகளுள் ஒருவரான ஹரால்டு பால்மர், தம் பணியைக் கிழக்காசியாவிலேயே செய்தார் என்பது குறிக்கத்தக்கது. ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்த அவரது அறிக்கை 1933இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒரு சொல்லை அது கூடியிருக்கும் கூட்டத்தைக் கொண்டு அறியலாம் என்னும் கருத்தைப் பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபெர்த் 1950களில் ஒரு கொள்கையாகவே முன்வைத்தார். சீன மாணவர் எழுதும் ஆங்கிலத்தைத் திரட்டிக் குய் ஷிச்சுன், யாங் ஹுய்ஜோங் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட சுமார் 10 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பில், பிழைகளுக்கு இடப்பட்ட குறியீடுகளுள் சொற்சேர்க்கைப் பிழைகளுக்கெனத் தனி வகை உண்டு.

அப்பிழைகளின் இயல்பு எளிதில் விளங்கக்கூடியது. கடுந்தேநீரை ஆங்கிலம் 'ஸ்ட்ராங்' என்னும், வலிமையைக் குறிக்கும் அடையால் சொல்ல, சீனம் அடர்த்தியைக் குறிக்கும் 'நோங்' என்னும் அடையால் சொல்கிறது. பெருமழையை ஆங்கிலம் கனத்தது என்று சொல்ல, சீனம் பெரியது என்றே சொல்கிறது. விளக்கைச் சீனம் 'திறக்கிறது'. மருந்தைச் சீனர், தமிழரைப் போலவே, 'சாப்பிடுகின்றனர்', ஆங்கிலேயர் 'எடுத்துக்கொள்கின்றனர்'. அறிவைக் 'கற்றல்' என்பது சீனத்தில் இயல்பான தொடராக இருக்க, ஆங்கிலத்தில் அறிவு பெறப்படுவதாகவும் ஈட்டப்படுவதாகவும் வருமேயன்றிக் கற்கப்படுவதாக வருதல் அரிது. இவற்றைச் சீன வழக்கின்படி ஆங்கிலத்தில் எழுதும் மாணவரின் தொடர் கேட்பவர்க்கு விளங்கவே செய்கிறது. ஆனாலும் அது பிழையென்று திருத்தப்படுகிறது. ஏன் பிழை என்று மாணவர் வினவினால், அவ்வாறு சொல்வதில்லை என்பதற்கு மேல் ஆசிரியர் காட்டும் காரணம் ஏதுமில்லை.

காரணமின்மையைக் குறையெனக் கருத வேண்டியதில்லை என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே உணர்த்தியவர் கன்பூசியஸ் மரபின் பெருஞ்சிந்தனையாளராகிய சுன்சி. அவருடைய நூலில் 'ஜெங்மிங்', அதாவது பெயர்களை நேர்செய்தல் என்னும் தலைப்பில் அமைந்த இயல், பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான பொருத்தம் எதுவும் இல்லை என்றும், மாந்தர் உடன்பட்டு வழக்கில் நிலைபெற்றதே பொருத்தமான பெயர், அவ்வழக்கிலிருந்து விலகியதே பொருத்தமற்ற பெயர் என்றும் கூறுகிறது. உடன்பாடும் வழக்கும் சேர்ந்து பெயரை நிலைநிறுத்துகின்றன என்னும் இக்கருத்து இன்றைய சீனத்தில் மரபுத்தொடராகவே வழங்குகிறது. அதே இயலில், ஒற்றைப் பெயர் கருத்தை உணர்த்தப் போதுமாயின் ஒற்றைப் பெயரையும், போதாதாயின் கூட்டுப் பெயரையும் ஆள வேண்டும் என்று கூறும் சுன்சி, பெயர்கள் இணைந்து தொடராக அமைவதையும் பெயரின் செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறார். சொல்லின் பொருத்தம் தனிச்சொல்லோடு முடிந்துவிடாமல் அதன் இணைவிலும் தொடர்கிறது என்பதற்கு அம்மரபில் அப்போதே இடம் இருந்தது.

சுன்சியின் கருத்து ஓர் எச்சரிக்கையாகவும் பயன்படும். தேநீரை அடர்த்தியாலும் வலிமையாலும் இரு மொழிகள் வெவ்வேறாகச் சொல்வதைக் கண்டு, இரு மக்களும் தேநீரை வெவ்வேறாகச் சுவைக்கின்றனர் என்றோ, அறிவைக் 'கற்கும்' சீனர் அறிவை ஒரு பயிற்சியாகவும் அதனை 'ஈட்டும்' ஆங்கிலேயர் அதனை ஓர் உடைமையாகவும் கருதுகின்றனர் என்றோ முடிவுகட்டுவது எளிது. ஆனால் வழக்கினால் மட்டுமே நிலைபெற்ற ஒன்றிலிருந்து உலகப்பார்வையை வருவிக்க இயலாது. மருந்தைச் 'சாப்பிடும்' தமிழர் அதனை உணவாகக் கருதுவதில்லை என்பதே இதற்குப் போதிய சான்று.

எனினும் எல்லா இணைவும் வெறும் வழக்கென்று சொல்லி முடிக்கவும் இயலாது என்பதை பழஞ்சீனச் சிந்தனையாளர் மோசியின் வழிவந்த பிற்காலத் தருக்க நூலோர் காட்டினர். பெயரும் பொருளும் பற்றிய அவர்களுடைய சூத்திரங்கள் ஒப்புமையை நான்காக வகுத்து, இரு பெயர்களுக்கு ஒரே பொருள் இருப்பதனை அவற்றுள் ஒரு வகையாக ஏற்கின்றன. ஆனால் அம்மரபினர் மற்றோர் இடத்தில் ஓர் அரிய தடையை எழுப்புகின்றனர். வெண்குதிரை குதிரையே, ஆதலால் வெண்குதிரையில் ஏறுதல் குதிரையில் ஏறுதலே. வண்டி மரமே, ஆயினும் வண்டியில் ஏறுதல் மரத்தில் ஏறுதல் ஆகாது. இரண்டு முன்கூற்றுகளும் ஒரே வடிவின; முதலாவதில் முடிபு பொருந்த, இரண்டாவதில் பொருந்தவில்லை. தனியே நிற்கும்போது ஒன்றனை மற்றொன்றால் சொல்லத்தக்க இரு பெயர்கள், ஒரு வினையோடு கூடியதும் பிரிந்துவிடுகின்றன. ஒரு தொடரில் ஒரு சொல்லை நீக்கி அதன் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் தொடரின் உண்மை கெடாதிருப்பதே ஒருபொருண்மைக்குச் சான்று என்னும் கருத்தையும், அக்கருத்தின் இடர்களையும் அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1951ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். அந்த இடரின் வேர் மோசியின் வழிவந்தோருடைய வண்டியிலும் மரத்திலும் முன்னரே தெரிகிறது.

இவ்விரு மரபுகளையும் சேர்த்து நோக்கினால், சீன மாணவரின் பிழைகளை இரண்டாகப் பகுக்கும் அளவுகோல் கிடைக்கிறது. அடர்த்தியான தேநீர் என்று ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் வழக்கை மீறினாலும் உண்மையை மீறவில்லை. அவர் சொல்லவந்தது சொல்லப்பட்டுவிட்டது. 'சஸ்பெக்ட்' என வேண்டிய இடத்தில் 'டவுட்' என எழுதும் மாணவரோ, தாம் குற்றம் சாட்ட எண்ணியவரைத் தம்மை அறியாமலே குற்றத்திலிருந்து விடுவிக்கிறார். முன்னது சமுதாயத்தோடு கொள்ளும் உடன்பாட்டைப் பற்றியது. பின்னது கூற்றின் மெய்ம்மையைப் பற்றியது. தேர்வுத்தாள் இரண்டுக்கும் ஒரே அளவு மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். மெய்யியல் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணாது.

பிரியாது கூறலும் பிரித்துக் கூறலும்

ஒப்புப்பொருட் சொற்களைத் தொகுத்து ஆராயும் பணியில் சீனர் மிகத் தொன்மையான மரபினர். சீனத்தின் மிகப் பழைய சொற்பொருள் நூலாகிய எர்யா, 19 பகுதிகளாக அமைந்து, பிற்காலத்தில் கன்பூசியஸ் மரபின் பதின்மூன்று மூலநூல்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட பெருமையுடையது. அதன் முதல் நூற்பாவே, தொடக்கம் என்னும் பொருளுடைய பத்துக்கும் மேற்பட்ட சொற்களை வரிசைப்படுத்தி, அவை யாவும் தொடக்கத்தையே குறிக்கும் என்று முடிக்கிறது. ஆனால் அவ்வரிசையில் உள்ள சொற்கள் எவ்வெவ்விடங்களிலிருந்து வந்தவை என்று நோக்கினால், ஒன்று ஆடை தைக்கத் துணியை முதலில் வெட்டுவது, ஒன்று சுவரின் அடித்தளம், ஒன்று தலை, ஒன்று கருப்பையில் உள்ள சிசு என அவை விரிந்து செல்கின்றன. எல்லாம் தொடக்கமே, எனினும் எதன் தொடக்கம், எத்தகைய தொடக்கம் என்பதில் ஒன்று மற்றொன்றாகாது.

இந்த நிலையைச் சொல்வதற்கு உரியதொரு கலைச்சொல் இணையைப் பெரிதும் ஆண்டவர், 1735 முதல் 1815 வரை வாழ்ந்த துவான் யூசாய். கி.பி. 100ஆம் ஆண்டையொட்டி சூ ஷென் இயற்றிய ஷுவோவென் என்னும் எழுத்திலக்கண அகராதிக்கு அவர் வரைந்த பேருரையில், 'ஹுன்யான்', 'ஷியான்' என்னும் இரு கூற்றுமுறைகள் திரும்பத்திரும்ப இடம்பெறுகின்றன. ஹுன்யான் என்பது பிரியாது கூறல். அவ்வாறு கூறும்போது இரு சொற்கள் ஒன்றாகும். ஷியான் என்பது பிரித்துக் கூறல். அவ்வாறு கூறும்போது அவையே வேறாகும். தானியம் விளையாத பஞ்சத்தை 'ஜி' என்றும் காய்கறி விளையாத பஞ்சத்தை 'ஜின்' என்றும் எர்யா பிரிக்கிறது. ஆனால் இரண்டும் இணைந்து நிற்கும் சொல் பஞ்சம் என்பதையே பொதுவாகக் குறிக்கிறது. ஒரே ஆசானிடம் பயின்றோரைப் 'பெங்' என்றும் ஒரே குறிக்கோள் உடையோரை 'யோவ்' என்றும் பழைய உரைகள் பிரிக்கின்றன. இன்று 'பெங்யோவ்' என்பது நண்பனைக் குறிக்கும் எளிய சொல். மொழி, சிந்தனை, பாதை ஆகியவற்றைக் குறிக்கும் இன்றைய சீனச் சொற்களும் இவ்வாறே ஒப்புப்பொருட் சொற்கள் இரண்டு இணைந்து பிறந்தவை.

துவான் யூசாயின் இணை, இரு சொற்களுக்கு ஒரே பொருள் உண்டா என்னும் வினாவின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. உண்டு அல்லது இல்லை என ஒரு சொல்லில் விடை வேண்டுவோர், ஒப்புமையைச் சொற்களுக்குள் உறைந்துகிடக்கும் பண்பாகக் கருதுகின்றனர். அவரோ ஒப்புமையைப் பேசும் முறையோடு சார்த்துகிறார். பேசும் பொருட்டுக்கு வேறுபாடு தேவைப்படாதபோது அவை ஒன்று; தேவைப்படும்போது வேறு. எந்தப் பொருட்டுக்கு என்று கேளாமல் ஒப்புமையைப் பற்றிய வினாவுக்கு விடை கூறவே இயலாது.

எந்த இடத்தில் பிரித்துக் கூற வேண்டும் என்பதில் மொழிகள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. எந்த மொழியும் எல்லா இடத்திலும் நுட்பமானதாகவும் இருப்பதில்லை. ஐயத்தின் திசையை ஆங்கிலம் பிரிக்க, அறிதலின் வகையைச் சீனம் பிரிக்கிறது. ஒரு செய்தியை அறிதல் 'ஜிதாவ்'; ஒருவரைப் பழகி அறிதல் 'ரென்ஷி'; ஒரு செயலைச் செய்யத் தெரிதல் 'ஹுய்'. ஆங்கிலம் இம்மூன்றையும் 'நோ' என்னும் ஒரே வினையில் அடக்கிக்கொள்கிறது. பழகி அறிவதற்கும் விவரிப்பின் வழியே அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை பெர்ட்ரண்ட் ரசல் 1912இல் வெளியிட்ட நூலிலும், செய்யத் தெரிதலுக்கும் செய்தியை அறிதலுக்கும் உள்ள வேறுபாட்டை கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூலிலும் பெருமுயற்சியோடு நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவற்றை ஒத்த பிரிவுகளைச் சீனக் குழந்தை பேசத் தொடங்கும் வயதிலேயே பெற்றுவிடுகிறது. மறுதலையாக, ஆங்கிலச் சிறுவன் வினைச்சொல்லிலேயே பெற்றுவிடும் ஐயத்தின் திசையைச் சீன மாணவர் வளர்ந்தபின் கருத்தூன்றிக் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு மொழி இலவசமாகத் தரும் வேறுபாட்டை மற்றொரு மொழியினர் உழைத்துப் பெறுகின்றனர். பெற்றபின் அது அவர்களுக்கும் உரிய அறிவாகிறது.

சொல்லை மறக்கலாமா?

இதுகாறும் கூறியவற்றுக்கு வலிமையான மறுப்பொன்று சீன மரபிலேயே உண்டு. மீனைப் பிடிப்பதற்காக உள்ளது மீன்பொறி, மீன் கிடைத்தபின் பொறியை மறக்கலாம்; கருத்தைப் பிடிப்பதற்காக உள்ளது சொல், கருத்து கிடைத்தபின் சொல்லை மறக்கலாம் என்பது தாவோயியச் சிந்தனையாளர் ஜுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலில் உள்ள கருத்து. அது உண்மையாயின், ஒரே கருத்தைப் பிடிக்கும் பொறிகள் பல இருக்கலாம். எந்தப் பொறி என்று கவலைப்படுவது அறிவின் வேலையாகாது. சொற்பட்டியலின் கொள்கையும் காப்பாற்றப்படும். தாவோயியத்தில் மட்டுமன்றி, சீனப் பௌத்தத்தின் சான் மரபிலும் இம்மனப்பாங்கு ஆழமாக வேரூன்றியது.

இம்மறுப்பை வரலாற்றின் உரைகல்லில் உரசிப்பார்க்கச் சீனத்தின் சமய வரலாறு இரு பெரும் வாய்ப்புகளைத் தருகிறது. முதலாவது, பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பு. தொடக்கக்கால மொழிபெயர்ப்பாளர்கள் நிர்வாணத்தைத் தாவோயியர் போற்றிய 'வூவெய்', அதாவது வலிந்து செய்யாமை என்னும் சொல்லாலும், போதியைத் 'தாவோ', அதாவது நெறி என்னும் சொல்லாலும் வழங்கினர். 4ஆம் நூற்றாண்டில் பௌத்தக் கருத்துகளைச் சீனக் கருத்துகளோடு பொருத்திக் கற்பிக்கும் 'கெயி' என்னும் முறையும் நிலவியது. கருத்துக் கிடைத்தால் போதும் என்னும் நம்பிக்கையே இவற்றுக்கு அடிப்படை. ஆனால் வூவெய் என்னும் சொல் தான் வாழ்ந்த தொடர்களையெல்லாம் தன்னோடு இழுத்துவந்தது: அரசன் தலையிடாது ஆளுதல், முனிவன் இயற்கையோடு இயைந்து வாழ்தல் என்னும் தொடர்புகள் அனைத்தும் வாசிப்போர் மனத்தில் எழுந்தன, வேட்கையின் அழிவு என்னும் பொருள் அவற்றுள் அமிழ்ந்தது. பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் நிர்வாணத்தையும் போதியையும் ஒலிபெயர்ப்பாகவே வைக்க முற்பட்டதன் காரணம் இதுவே. தம் பயணக் குறிப்பில் காஞ்சிபுரத்தையும் விவரித்துள்ள சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் எவ்வெவ்வகைச் சொற்களை மொழிபெயர்க்கலாகாது என்று ஐந்தாக வகுத்ததாகப் பிற்காலத்து நூலொன்று குறிக்கிறது. அவற்றுள் ஒன்று பிரஜ்ஞை போன்ற சொல். அறிவு என்று பொருள்படும் சீனச் சொல்லால் அதனைப் பெயர்த்தால் அதன் கனம் குறைந்து இலேசாகிவிடும் என்பது அங்கே காட்டப்படும் காரணம். அகராதியில் நேரொத்து நிற்கும் இரு சொற்களுக்கு இடையே மதிப்பால் உள்ள வேறுபாடு இங்கே ஒரு விதியாகவே வகுக்கப்பட்டது.

அந்த யுவான் சுவாங் சீனத்தில் பெயர்த்த தருக்க நூல்களுள் ஒன்று திங்நாகருடையது. காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திங்நாகர், சொல் தன் பொருளை நேரே சுட்டுவதில்லை, பிறவற்றை விலக்குவதன் வழியே உணர்த்துகிறது என்னும் 'அபோகம்' என்ற கொள்கையை வகுத்தவர். பசு என்னும் சொல் பசுவல்லாதவற்றை விலக்குவதே அதன் பொருள்தரும் செயல். ஒப்புப்பொருட் சொற்களைக் கற்போர்க்கு இக்கொள்கை மிகப் பொருத்தமானது. 'டவுட்' எதனைக் குறிக்கிறது என்பதை மட்டும் கற்ற மாணவர் அதனைப் பாதியே கற்றவர், அது எதனை விலக்குகிறது என்பதையும் கற்கும்போதே அச்சொல் அவருக்கு முழுமையாக வாய்க்கிறது.

இரண்டாவது வாய்ப்பு, கிறித்தவத்தின் வருகை. இயேசு சபைத் துறவியாகிய மத்தேயோ ரிச்சி 1603இல் பெய்ஜிங்கில் வெளியிட்ட நூலில், சீன மூலநூல்கள் போற்றும் 'ஷாங்தி', அதாவது மேலான அரசன், கிறித்தவரின் இறைவனே என்று வாதிட்டார். அவர் பின்பற்றிய முறை கூர்ந்து நோக்கத்தக்கது: ஷாங்தி என்னும் சொல்லின் வேரை ஆராய்வதோடு நில்லாமல், பழைய நூல்களில் அச்சொல் எந்தெந்த வினைகளோடு வருகிறது, ஷாங்தி அஞ்சப்படுகிறாரா, ஆணையிடுகிறாரா, தண்டிக்கிறாரா என்பனவற்றை மேற்கோள்களால் காட்டி ஒப்புமையை நிறுவ முயன்றார். இது சொற்சேர்க்கையைச் சான்றாகக் கொண்ட வாதமே. அவருக்குப் பின் சீனத்தில் இயேசு சபையின் பணிக்குத் தலைமை ஏற்ற லொங்கோபார்தி உடன்படவில்லை. சீன அறிஞர்கள் அச்சொற்களை எவ்வாறு விளக்குகின்றனர் என்பதைக் கொண்டு, அங்கே உலகைப் படைத்த இறைவன் இல்லை என்றார். நெடிய பூசலுக்குப் பின் 1715இல் திருத்தந்தை 11ஆம் கிளமெண்ட் ஷாங்தி என்னும் சொல்லையும், வானத்தைக் குறிக்கும் 'தியான்' என்பதையும் இறைவனுக்கு ஆள்வதைத் தடைசெய்தார். சீர்திருத்தச் சபையினர் 19ஆம் நூற்றாண்டில் இதே வினாவை மீண்டும் எதிர்கொண்டு, ஷாங்தி என்போரும் 'ஷென்' என்போருமாகப் பிரிந்தனர். 1919ஆம் ஆண்டுச் சீன விவிலியம் இவ்விரு சொற்களில் ஏதேனும் ஒன்றை ஆளும் இரு பதிப்புகளாகவே இன்றும் அச்சாகிறது.

இவ்விரு வரலாறுகளும் ஜுவாங்சியின் கருத்தை முற்றாகப் பொய்யாக்கவில்லை. கருத்தை அடைந்த ஞானி சொல்லை மறக்கலாம். ஆனால் ஒருவர் அடைந்த கருத்தை மற்றொருவர்க்கு உணர்த்தவும், இருவரும் ஒரே கருத்தைத்தான் அடைந்துள்ளனரா என்று சோதிக்கவும் சொல்லன்றி வழியில்லை. அச்சோதனையும் தனிச்சொல்லைக் கொண்டு நிகழ்வதில்லை, அச்சொல் வாழும் தொடர்களைக் கொண்டே நிகழ்கிறது. கற்பவர் இன்னும் கருத்தைத் தேடும் நிலையில் இருப்பவர். அவருக்கு மறதி உரியதன்று.

ஒப்புமை ஓர் அனுமதி

மேற்கண்ட ஆராய்ச்சியால் தெளிவது இதுவே. ஒப்புமை என்பது சொற்களின் இயற்கையில் உள்ள உடைமை அன்று. குறிப்பிட்டதொரு பொருட்டுக்காகப் பேசுவோர் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் அனுமதி. கடைத்தெருவில் வினாவும் இடரும் ஒரே சொல்லால் வழங்கலாம். நீதிமன்றத்தில் ஐயத்தின் இரு திசைகளும் ஒரே சொல்லால் வழங்கலாகாது. வழிபாட்டில் இறைவனின் பெயர் எதுவாகவும் இருக்கலாம் என்று சிலர் கருத, எதுவாகவும் இருத்தல் ஆகாது என்று வேறு சிலர் உயிரையும் பொருட்படுத்தாது நிற்கலாம். எந்த அனுமதி எங்கே செல்லும், எங்கே முடியும் என்பதை அறிவதே சொல்லை அறிவதாகும். அகராதி தரும் நேர்ச்சொல் அந்த அறிவின் தொடக்கம். அதனை முடிவாகக் கொள்வதே பிழை.

இது கற்பித்தலுக்கும் வழிகாட்டுகிறது. ஒரு சீன மாணவர்க்கு ஆங்கிலச் சொல்லைத் தனியே தருவதினும், அது உடன்கொண்டுவரும் வினையோடும் பெயரோடும் சேர்த்துத் தருவது நன்று. ஒப்புப்பொருட் சொற்களை வரிசையாகத் தருவதினும், ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாத ஒரே தொடரைத் தந்து, பொருந்தாமையால் மாறுவது வழக்கா உண்மையா என்று கேட்பது அதனினும் நன்று. வழக்கு மட்டுமே மாறும் இடங்களில் மாணவர் தம் தாய்மொழியைக் குறித்து நாணவேண்டியதில்லை. அங்கே அவர் கற்பது பிற சமுதாயத்தோடு உடன்படும் நாகரிகத்தையே. உண்மை மாறும் இடங்களில் அவர் கற்பது ஒரு புதிய வேறுபாட்டை. அதுவரை தம் மொழி தம்மிடம் கேட்டிராத கேள்வி ஒன்றுக்கு விடை கூறும் பொறுப்பை அங்கே அவர் ஏற்கிறார். அவ்வேளையில் ஆங்கிலத்தை மேலான மொழி என்றோ சீனத்தைக் குறைவுடையது என்றோ எண்ணுவதற்கும் காரணமில்லை. அறிதலின் வகைகளைப் பிரித்தறியும் தம் மொழியை எண்ணி, பிரித்துக் கூறும் ஆற்றல் தமக்குப் புதியதன்று என்று அவர் தெளியலாம்.

ஆட்சிப்பொறுப்புக் கிடைத்தால் முதலில் எதனைச் செய்வீர் என்று வினவிய மாணவர்க்குப் பெயர்களை நேர்செய்வதையே கன்பூசியஸ் விடையாகக் கூறினார் என்றும், பெயர் பிறழ்ந்தால் பேச்சும், பேச்சுப் பிறழ்ந்தால் செயலும், இறுதியில் நீதியும் பிறழும் என்று விளக்கினார் என்றும் அவருடைய உரையாடல்களின் தொகுப்பு குறிக்கிறது. ஒருவர்மேல் பழி சுமத்துவதற்கும் அப்பழியை நம்ப மறுப்பதற்கும் இடையே உள்ள தொலைவை ஒரு வினைச்சொல் தாங்கி நிற்கும்போது, அச்சொல்லைச் சரியாகத் தெரிந்துகொள்வது தேர்வில் வெற்றி பெறும் உத்தி என்பதற்கு மேலான ஒன்றாகிறது. அது பிறர்க்கும் மெய்ம்மைக்கும் செய்ய வேண்டிய கடமையின் ஒரு பகுதியாகிறது. அக்கடமையின் பொருட்டே ஒப்புப்பொருட் சொற்களின் கல்வி மனனத்திற்கு அப்பாலும் மதிக்கப்பட வேண்டும்.